தொண்டைமானாற்றுக் கரையில் பழைய மில் கட்டடம்: வீடாக்கலாமா?

கிட்டங்கிப்பேரன் · திங்கள், இரவு 9:12

வணக்கம். தொண்டைமானாற்றின் கிழக்குக் கரையில், பாலத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, அம்மம்மா வழியில் வந்த வளவொன்று எங்களுக்கு இருக்கிறது. 6 பரப்பு. அதில் நிற்பது வீடு அல்ல, மில். முதலில் சாமான் சேர்த்து வைக்கிற கிட்டங்கியாகக் கட்டினார்கள். பிறகு நெல்லுக் குத்துகிற மில்லாக மாறி, 1980களின் நடுவில் பூட்டப்பட்டது. அதற்குப் பிறகு யார் யாரோ வந்து இருந்துவிட்டுப் போனார்கள். கதவு, யன்னல் ஒன்றும் இல்லை. சுவர் மட்டும் அசையாமல் நிற்கிறது.

ஏறக்குறைய 90 அடி நீளம், 35 அடி அகலம். சுவர் இரண்டடித் தடிப்பு, முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புச் சாந்தும். கூரையில் தெற்குப் பாதி பழைய ஓடு, பனஞ்சிலாகை. வடக்குப் பாதியில், இஞ்சின் நின்ற பக்கம், பின்னாளில் போட்ட அஸ்பெஸ்டஸ் சீற். பெரிய வாசல் றோட்டைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்க்கிறது. வாசலில் இருந்து கல்லுப்படி நேரே நீருக்குள் இறங்குகிறது. ஒற்றைச் சிலிண்டர் றஸ்ரன் இஞ்சின் ஒன்று உள்ளே துருவேறிக் கிடக்கிறது. கதவைக் கழற்றினவர்களுக்கும் அதைத் தூக்க முடியவில்லை போல.

அம்மாவுக்கு ஊரோடு இருக்க ஆசை. நான் கொழும்பில். தம்பி குடும்பம் ஒஸ்லோவிலிருந்து ஒவ்வோர் ஆவணியும் வரும். கட்டடத்தை வந்து பார்த்த ஓர் இஞ்சினியர் சொன்னது இது: உள்ளும் புறமும் சீமெந்துப் பூச்சு, நிலத்துக்குக் கொங்கிறீற்றுப் போட்டு மேலே ரைல்ஸ், குறுக்குச் சுவர் வைத்து ஐந்து அறை, கூரை முழுக்கத் தகரம். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது, மனம்தான் ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வெள்ளைப்பூச்சு · திங்கள், இரவு 9:30

இடியுங்கள். திருத்துகிற காசுக்குப் புதிதாக மேல்மாடி வீடே கட்டலாம். பழைய கல்லை அத்திவாரத்துக்குப் போட்டால் அதிலும் கொஞ்சம் மிச்சம். ஒஸ்லோப் பிள்ளைகள் வந்தால் ஏசி அறைதான் கேட்கும், முருகைக்கல் கேட்காது.


ஓடாவிமகன் · திங்கள், இரவு 10:47

பெயரிலேயே பூச்சு வைத்திருக்கிறவர் இடிக்கச் சொல்கிறார். சரி, விடுவோம்.

பேரன், முதலில் ஒன்று. எது செய்தாலும் அந்தச் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள். முருகைக்கல் நிலத்தடி ஈரத்தை உறிஞ்சும். நீரோரம் என்றால் ஈரத்தோடு உப்பும் ஏறும். அதை யாராலும் நிறுத்த முடியாது, கட்டினவர்களும் நிறுத்த நினைக்கவில்லை. ஏறின ஈரம் சுண்ணாம்புச் சாந்து வழியாகக் காற்றுக்குப் போய்விடும், அதனால்தான் சுவர் இவ்வளவு காலம் நிற்கிறது. சீமெந்தைப் பூசி அந்த வழியை அடைத்தால் ஈரம் எங்கே போகும்? மேலே ஏறும். இப்போது முழங்கால் உயரத்தில் நிற்கிற ஈரம் யன்னல் மட்டத்துக்கு வரும். உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகி ஊதும். சில மாரி போக, பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும், கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு. பருத்தித்துறைப் பக்கம் அப்படித் திருத்திக் கெடுத்த வீடுகள் எத்தனை என்று றோட்டாலே போகும்போது பார்த்தாலே தெரியும்.

நிலத்துக்கும் அதே கதைதான். பொலித்தீன் விரித்துக் கொங்கிறீற்றுப் போட்டு மூடினால், அந்த 90 அடி மண்டபத்துக்குக் கீழே நிற்கிற ஈரம் முழுக்கச் சுவர்ப் பக்கம் ஒதுங்கும். பழைய நிலத்தைக் கிண்டி, கல்லுடைசல் போட்டு இறுக்கி, மேலே சுண்ணாம்புக் கலவையும் செங்கட்டி ஓடும் பதியலாம். வெறுங்காலுக்கும் குளிர்ச்சி. ரைல்ஸ் கட்டாயம் வேண்டும் என்றால் குளியலறையோடு நிறுத்துங்கள்.

கூரை. சிலாகை எல்லாம் கறுத்து வைரமேறிய மரமாக இருந்தால் இன்னும் ஒரு தலைமுறைக்குக் கிடக்கும். நடுவில் தட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். கைமரமும் வளையும் சுவருக்குள் நுழைகிற இடத்தில்தான் முதலில் உக்கும், கறையானும் அந்த வழியாகத்தான் ஏறும். அந்த நுனிகளை ஒவ்வொன்றாக உளியால் குத்திப் பார்க்க வேண்டும். உக்கின நுனியை மட்டும் வெட்டிப் புதுமரம் பொருத்தத் தெரிந்த ஓடாவிமார் வடமராட்சியில் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் அப்பாவும் ஒருவர், ஆனால் ஏணியில் ஏற விடுவதில்லை.

தகரம் வேண்டவே வேண்டாம். உப்புக்காற்றில் ஆணி போட்ட துளையில் தொடங்கும் துரு. மாரிமழைக்கு உள்ளே இருந்து ஒரு சொல் கதைக்க முடியாது.


பழையவிறாந்தை · செவ்வாய், காலை 6:20

தம்பி, வாசல் ஏன் தண்ணீரைப் பார்க்கிறது என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். சாமான் வந்த வழி அது. வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு, பருத்தித்துறைப் பாய்க்கப்பல்கள் பர்மாவுக்கும் இந்தியக் கரைக்கும் போய் வந்த காலத்தில் அரிசி, ஓடு, மரம் எல்லாம் கடலால்தான் வந்தது. பெரிய கப்பல் வெளியே நிற்கும், வத்தை உள்ளே வரும், மூட்டை படியில் ஏறும், கிட்டங்கி வாசலுக்குள் போகும். வல்வெட்டித்துறையில் வேம்பில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் பாயில் போய்ச் சேர்ந்தது. அவ்வளவு தொழில் தெரிந்த கரை இது. தொண்டைமான் ஒருவன் உப்பு ஏற்றுவதற்காக இந்த வாயை வெட்டினான் என்பது செவிவழிக் கதை. அதை நம்பினாலும் விட்டாலும், இந்தக் கரை தோன்றியதே ஏற்றவும் இறக்கவும்தான்.

1942இல் யப்பான் பர்மாவைப் பிடித்ததோடு பர்மா அரிசி நின்றது. அரிசி வராத கிட்டங்கிக்கு என்ன வேலை? ஊர் நெல்லைக் குத்தத் தொடங்கியிருப்பார்கள். உங்கள் இஞ்சினின் வயதும் அந்தக் கணக்குக்குச் சரியாக வரும் என்று நினைக்கிறேன்.

ஒரு வேலை செய்யுங்கள். கூரையில் இருந்து நல்ல ஓடொன்றை இறக்கி அடிப்பக்கம் பாருங்கள். முத்திரை இருக்கும். பேசல் மிஷன்காரர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். முதல் உலகப்போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகள் கொமன்வெல்த் ட்ரஸ்ட் என்ற கம்பனியின் கைக்கு மாறின. எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் கூரை போருக்கு முன்னா பின்னா என்று தெரிந்துவிடும். உறுதியை விட ஓடு சில நேரம் உண்மை பேசும்.


உறுதிக்கட்டு · செவ்வாய், காலை 8:05

பழையவிறாந்தை மாஸ்டர் ஓட்டைப் பார்க்கச் சொல்கிறார், நான் காணி உறுதியைப் பார்க்கச் சொல்கிறேன். அம்மம்மா வழி என்றால் சீதனமா, முதுசமா (பரம்பரையாக வந்த சொத்தா)? அம்மாவின் பெயரில் தனி உறுதி இருக்கிறதா, அல்லது சகோதரங்களோடு பிரியாத பங்கா? பிரியாத பங்கு என்றால் கனடாவில் இருக்கிற ஒரு மச்சான் கூட நாளைக்கு வந்து கேட்கலாம். நீங்கள் பூசின சுவரின் விலை அவருடைய பங்கிலும் ஏறும்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் ஒரு பங்காளி தன் பிரியாத பங்கை விற்பதென்றால் மற்றப் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அந்த முன்னுரிமையைத்தான் சொல்கிறது. ஆகவே பங்கை வாங்குவது என்றாலும் விடுவது என்றாலும் எழுத்தில் செய்யுங்கள். ஒத்துவராவிட்டால் பங்கு வழக்குத்தான், அது உங்கள் கூரை உக்கும் வரைக்கும் போகும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இலங்கைத் தூதரகம் வழியாக அற்றோணித் தத்துவம் (தங்கள் சார்பில் செய்ய இன்னொருவருக்குக் கொடுக்கிற அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பலாம். அதில் "விற்க" என்று மட்டும் எழுதாமல் "கட்ட, திருத்த, பிரித்து எடுக்க" என்றும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கரையோரச் சட்டம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி கடற்கரையில் உயர்நீர்மட்டத்தில் இருந்து 300 மீட்டர் கரையோர வலயம். கடலோடு தொடுத்திருக்கிற ஆறு, நீரேரிகளில் வாயிலிருந்து உள்ளே 2 கிலோமீட்டர். 2011 திருத்தம் அந்த நீர்நிலைகளின் ஓரமாக மேலும் 100 மீட்டரைச் சேர்த்தது. உங்கள் படி தண்ணீருக்குள் நிற்கிறது, ஆகவே நீங்கள் நன்றாக உள்ளே. பிரதேச சபையின் கட்டட அனுமதி மட்டும் போதாது, கரையோரத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போனால் நீரில் இருந்து எவ்வளவு பின்னுக்குத் தள்ளச் சொல்வார்கள் என்பதையும் யோசியுங்கள். இருக்கிற கட்டடத்தைத் திருத்துவதும் புதிதாக எழுப்புவதும் அவர்களுக்கு ஒன்றல்ல. வெள்ளைப்பூச்சு அண்ணை இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தொல்பொருள் சோலி இருக்காது என்று நினைக்கிறேன். 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்கள்தான் தானாகவே சட்டத்துக்குள் வரும். பிந்தியதை வர்த்தமானியில் அறிவித்தால்தான் உண்டு.


கிட்டங்கிப்பேரன் · செவ்வாய், மாலை 5:40

எல்லோருக்கும் நன்றி. உறுதி அம்மாவின் தனிப் பெயரில், சீதனம். அந்த மட்டுக்கு நிம்மதி. ஆனால் கிழக்கே றோட்டுக்குப் போகிற ஒழுங்கை பெரியம்மாவின் பங்கோடு பொது.

மாமா ஓடொன்றை இறக்கிப் படம் அனுப்பினார். "கொமன்வெல்த்" என்று முத்திரை, கீழே பெரோக் என்று ஊர்ப்பெயர். மாஸ்டர், அப்படியென்றால் கூரை 1920களுக்கு முந்தியது அல்ல, சரியா? வீட்டில் எல்லோரும் வெள்ளைக்காரன் வந்த காலத்துக் கட்டடம் என்றுதான் சொல்வார்கள்.


பழையவிறாந்தை · செவ்வாய், மாலை 6:15

பெரோக் கோழிக்கோட்டுப் பக்கம். கூரையின் கணக்குச் சரி. சுவர் அதற்கு முந்தியதாக இருக்கலாம், ஓலையால் வேய்ந்த கிட்டங்கிக்குப் பிறகு ஓடு போடுவது வழக்கம்தான். முகட்டுக்குக் கீழே முகப்புச் சுவரைப் பாருங்கள். பழைய சரிவின் தடம் தெரிந்தால் கூரையை உயர்த்தியிருக்கிறார்கள்.


நீர்மட்டம் · செவ்வாய், இரவு 9:58

கட்டடத்தை விட எனக்குத் தண்ணீர்தான் கவலை. அதுவும் மூன்று விதமாக.

முதலாவது வெள்ளம். தொண்டைமானாறு ஊற்றில் பிறந்து ஓடிவருகிற ஆறு அல்ல, வடமராட்சி நீரேரியின் வாய். மாரியில் குடாநாட்டின் ஒரு பெரிய பகுதி மழைநீர் இந்த வாயால்தான் கடலுக்குப் போக வேண்டும். 1950களில் இங்கே கதவு போட்டார்கள், கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுத்து நீரேரியை மெல்ல நன்னீராக்கலாம் என்ற எண்ணத்தில். பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் சொன்ன, யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டத்திலும் இந்த வாய்க்கு முக்கிய இடம். ஆனையிறவு நீரேரியின் மழைநீரை வடமராட்சி நீரேரிக்கும் உப்பாற்றுக்கும் திருப்புவது அவருடைய யோசனை. அது முழுதாக நிறைவேறவில்லை. பேரன் அறிய வேண்டியது இவ்வளவுதான்: உங்கள் படியில் நீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்பதை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை, கதவு எப்போது திறக்கிறது என்பதும் தீர்மானிக்கும். 2008 கார்த்திகையில் நிஷா புயலின்போது நீர் எங்கே நின்றது என்று அயலில் கேளுங்கள். 2020 மார்கழியில் புரெவிக்கும் கேளுங்கள். அந்தக் குறிக்கு மேலே ஓரடியாவது வைத்துத்தான் மின்சாரச் செருகி, படுக்கை, குசினி அலுமாரி எல்லாம்.

இரண்டாவது கிணறு. குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் உப்புநீரின் மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மறுபக்கம், மேலே ஓரடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறும். நீரோரத்தில் மேலே நிற்பதே அங்குலக் கணக்கில்தான். மோட்டர் வைத்து இறைத்தால் சில கிழமையிலேயே உவர்த்துவிடும். உங்களுக்குக் கிணறு குளிக்க மட்டும், அதுவும் வாளியால் அள்ளினால் நல்லது.

குடிக்க மழைநீர். 90க்கு 35 என்றால் 3,150 சதுர அடி, ஏறக்குறைய 290 சதுர மீட்டர் கூரை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லீற்றர். வருடத்துக்கு 1,200 மில்லிமீட்டர் என்று வைத்தால் மூன்றரை இலட்சம் லீற்றர் கூரையில் விழுகிறது. ஐந்தில் ஒன்றை வீண் என்று கழியுங்கள். அப்படியும் ஒரு குடும்பம் குடித்துச் சமைத்து முடிக்க முடியாத அளவு. ஆனால் பெரும்பகுதி ஐப்பசியில் இருந்து மார்கழிக்குள் கொட்டிவிடும், ஆகவே காசு தொட்டிக்குத்தான். பீலியைப் பெரிதாகப் போடுங்கள்.

மூன்றாவது மலசலகூடம். சுண்ணக்கல்லில் சாதாரணக் குழி வெட்டினால் அது வெடிப்பு வழியாக நேரே நிலத்தடி நீருக்குப் போகும், உங்களுக்கு அதோடு படியடியில் இறாலுக்கும் போகும். அடி மூடின தொட்டி, அதற்குப் பிறகு நிலமட்டத்துக்கு மேலே மண் உயர்த்தி, கல்லும் புல்லும் போட்ட வடிகட்டும் மேடை. வளவின் றோட்டுப் பக்கம், நீரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு.


குசினிக்கதவு · புதன், காலை 7:11

எல்லா அண்ணாமாரும் சுவரையும் தண்ணீரையும் கதைக்கிறீர்கள். அதில் இருக்கப் போவது அம்மா அல்லவா? 35 அடி அகல மண்டபத்தில் இரவு தனியாக ஒரு வயதான மனுசி எங்கே படுப்பது? மலசலகூடம் படுக்கைக்குப் பக்கத்தில், படி இல்லாமல், பிடிக்கக் கம்பியோடு. நுளம்புக்கு எல்லா யன்னலுக்கும் வலை. மந்திகை ஆசுப்பத்திரிக்கு இரவில் ஓட்டோ வரக்கூடிய மாதிரி ஒழுங்கை. சன்னதித் திருவிழா நாட்களில் அந்த றோட்டில் வாகனம் நகராது, அதற்கும் ஒரு வழி யோசியுங்கள். பிறகு சுண்ணாம்பைப் பற்றிக் கதைக்கலாம்.


கரைவலை · புதன், பிற்பகல் 1:33

நான் இந்த இழையை நேற்றில் இருந்து வாசிக்கிறேன். எந்தக் கட்டடம் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை.

கிட்டங்கிப்பேரன் அண்ணை, அந்தப் படி உங்கள் உறுதியில் இருக்கலாம். மில் பூட்டின பிறகு அந்தப் படியில்தான் எங்கள் ஆட்கள் வள்ளம் கட்டுகிறார்கள். படிக்குத் தெற்கே இருக்கிற வெளியில்தான் வலை காய்கிறது. சோளகத்தில் (தென்மேற்குக் காற்றுக் காலத்தில்) மேற்குக் கரையில் வள்ளம் கட்டுவது சரிவராது என்பதில்லை, ஆனால் எங்கள் வீடுகள் இந்தப் பக்கம். இந்தப் பக்கம் மிச்சக் கரை முழுக்க மதிலும் முள்ளுக்கம்பியும் ஆகிவிட்டது. எல்லாம் வருடத்தில் ஒரு மாதம் ஆள் இருக்கிற வீடுகள். ஒன்றில் காவலுக்கு நாய் விட்டிருக்கிறார்கள்.

நீங்கள் வீடு கட்டுவதில் எங்களுக்கு மனவருத்தம் ஒன்றும் இல்லை. வாசல் தண்ணீரைப் பார்க்கிறது வடிவாக இருக்கும் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். அந்த வாசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் யார் நிற்கிறார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை.


வெள்ளைப்பூச்சு · புதன், பிற்பகல் 2:02

உறுதிக் காணி என்றால் உறுதிக் காணிதான். விட்டால் பிறகு நெடுநாள் பாவித்தோம் என்று ஆட்சி உரிமை கேட்பார்கள். முதலில் மதிலைக் கட்டுங்கள், பிறகு கூரையை யோசியுங்கள்.


உறுதிக்கட்டு · புதன், பிற்பகல் 3:20

வெள்ளைப்பூச்சு அண்ணை, மதில்தான் இந்தக் கரையில் முதல் வழக்காகும். நீரோரத்தில் வேலி, மதில் கட்டுவதும் கரையோர அனுமதிக்குள் வருகிற வேலைதான். வேலிக்கு வெளியே எது அரச நிலம், எது உறுதி நிலம் என்பதை நில அளவையாளர் வந்து சொல்லும் வரைக்கும் யாரும் "என்னுடையது" என்று சொல்லாமல் இருப்பது நல்லது. பழைய உறுதிகளில் மேற்கெல்லை "ஆறு" என்று மட்டும் இருக்கும். ஆறு மாரியில் ஓரிடத்தில், ஆவணியில் இன்னோரிடத்தில்.

ஆட்சி உரிமை பற்றிய பயம் இருந்தால் அதற்கும் மருந்து இருக்கிறது. அனுமதியோடு பாவிக்கிறவருக்கு எதிர் ஆட்சி ஓடாது. கடற்றொழிலாளர் சங்கத்தோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள்: படியும் வலை வெளியும் அவர்கள் பாவனைக்கு, உரிமை உங்களுக்கு. இரண்டு பேருக்கும் அது மதிலை விடப் பாதுகாப்பு.


கச்சான்காற்று · புதன், இரவு 11:50

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். இங்கே ஒன்ராறியோவில் ஓடைக்கரைகளில் பழைய மா ஆலைகள் நிறைய. சிலது வீடு, சிலது சாப்பாட்டுக்கடை. எலோரா என்ற ஊரில் கிராண்ட் ஆற்றின் ஓரம் ஐந்து மாடிக் கல் ஆலை இப்போது ஹோட்டல். அவை நீரோரம் நின்றது சில்லைத் தண்ணீர் சுழற்ற வேண்டும் என்பதால். உங்களுடையது வத்தை வரவேண்டும் என்பதால். அதனால் இங்குள்ள படங்களைப் பார்த்துத் தண்ணீர்ப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போட ஆசைப்படாதீர்கள். மேற்கு வெயில் நேரே உள்ளே வரும், சோளகம் உப்பைக் கொண்டுவந்து கண்ணாடியில் அப்பும்.

இன்னொன்று. 1954 ஐப்பசியில் ஹேசல் புயல் வந்து ரொறன்ரோப் பக்கம் 81 பேர் செத்த பிறகுதான் இங்கே வெள்ளம் ஏறுகிற ஓடைக்கரைகளில் வீடு கட்டுவதைக் கட்டுப்படுத்தினார்கள். அந்த நிலங்கள் இப்போது பூங்கா. நீர்மட்டம் அண்ணை சொல்வதைப் பயமுறுத்தலாக எடுக்காதீர்கள்.

நான் சொல்ல வந்தது அறைகள் பற்றி. ஐந்து அறை பிரிக்காதீர்கள். 90 அடி மண்டபத்தை வெட்டினால் இருட்டான ஐந்து பெட்டிதான் மிஞ்சும். ஸ்பெயினில் ரிக்கார்டோ போஃபில் என்ற கட்டடக்கலைஞர் 1973இல் பார்சலோனாவுக்குப் பக்கத்தில் கைவிட்ட சீமெந்துத் தொழிற்சாலையை வாங்கினார். 30க்கு மேற்பட்ட குதிர்களில் எட்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை உடைத்தார். பெரிய கூடத்தை அறுக்காமல் பெரிதாகவே விட்டார், அங்கேயே வாழ்ந்து வேலையும் செய்தார்.


வெள்ளைப்பூச்சு · வியாழன், காலை 8:44

அப்படியென்றால் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையையும் வீடாக்குவோமா? 1990இல் நின்றது, இடம் தாராளம். குசினிக்கதவு அக்காவின் மாமியாருக்கு ஒரு குதிர்.


குசினிக்கதவு · வியாழன், காலை 8:51

மாமிக்கு இரண்டு வேண்டும். ஒன்று மிளகாய்த்தூளுக்கு.


ஓடாவிமகன் · வியாழன், காலை 10:15

பகிடியை விட்டு. கச்சான்காற்று சொல்வதோடு எனக்குப் பெரும்பாலும் சம்மதம். அம்மாவின் வீடு தெற்குப் பாதிக்குள், கட்டடத்துக்குள் ஒரு சின்ன வீடாக நிற்கட்டும். படுக்கையறை, குளியலறை, குசினி. இந்த மூன்றுக்கும் புதுச் சுவர் பழைய சுவரைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி எழும்பட்டும். பழைய சுவர் மூச்சு விடும், குழாயும் வயரும் அந்த இடைவெளிக்குள் போகும், பழைய கல்லில் ஒரு துளையும் போட வேண்டாம். அந்தச் சின்ன வீட்டுக்கு மட்டும் மேலே பலகை மச்சு. வெக்கை குறையும், நுளம்பு வலை போடுவதும் சுகம். மிச்ச மண்டபம் விறாந்தை. ஆவணியில் வருகிறவர்கள் பாய் போட்டுப் படுக்கலாம், ஏசி கேட்கிறவர் பருத்தித்துறையில் அறை எடுக்கலாம்.

அஸ்பெஸ்டஸ் சீற்றை உங்கள் ஆட்களைக் கொண்டு கழற்ற வேண்டாம். சுத்தியலால் உடைத்து விழுத்துவதுதான் ஊர் வழக்கம், அதுதான் கெடுதல். தூசு நெஞ்சுக்குள் போனால் பலன் பல வருடம் கழித்துத்தான் தெரியும். முதலில் தண்ணீர் அடித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீற்றாக இறக்கி, பொலித்தீனில் சுற்ற வேண்டும். முகக்கவசம் என்றால் கொரோனாத் துணி அல்ல, தூசுக்கு என்று விற்பது. கீழே விழுந்த துண்டைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.


கரைவலை · வியாழன், மாலை 6:09

வடக்குப் பாதி என்ன செய்யப் போகிறீர்கள்? இஞ்சின் நிற்கிற பக்கம்.


கிட்டங்கிப்பேரன் · வியாழன், இரவு 10:26

அதைத்தான் அம்மாவோடு இன்றைக்குக் கதைத்தேன். கரைவலை தம்பி எழுதினதை வாசித்துக் காட்டினேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "படியை மறிக்கச் சொன்னது யார்?" என்று. மில் ஓடின காலத்தில் அந்தப் படியில் மீன் வாங்கித்தான் மத்தியானச் சமையல் என்கிறார். ஆகவே மதில் இல்லை. படியும் தெற்கு வெளியும் இருக்கிற மாதிரியே இருக்கும், உறுதிக்கட்டு சொன்ன மாதிரி எழுத்திலும் வைப்போம். சங்கத்தில் யாரோடு கதைப்பது என்று தனிமடலில் சொல்லுங்கள் தம்பி.

வடக்குப் பாதிக்குச் சீற்றைக் கழற்றிய பிறகு ஓடுதான். ஆனால் சுவர் வைத்து மூடப் போவதில்லை. கந்தப்பளையில் தேயிலைத் தொழிற்சாலையை 1996இல் ஹோட்டலாக்கினபோது பழைய இயந்திரத்தை வைத்திருக்கிறார்கள், நாங்கள் ஒருமுறை போய்ப் பார்த்தோம். றஸ்ரனும் அப்படி நிற்கட்டும். துருவைச் சுரண்டி எண்ணெய் பூசுவதோடு சரி, ஓட்டிக் காட்டுகிற யோசனை எல்லாம் தம்பிக்கு மட்டும். மழைக்கு வலை ஒதுக்க இடம் வேண்டும் என்றால் அந்தக் கூரைக்குக் கீழே ஒதுக்கலாம்.

ஐந்து அறைப் பிளானைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டார் போல.

இப்போது கேள்வி: புரட்டாதி பிறந்துவிட்டது. மாரிக்கு முதல் எதைத் தொடங்குவது?


நீர்மட்டம் · வெள்ளி, காலை 6:55

ஒன்றையும் தொடங்காதீர்கள். ஓடு உடைந்த இடத்துக்குத் தறப்பாள் போட்டுக் கட்டுங்கள், அவ்வளவுதான். இந்த மாரி முழுக்கப் பாருங்கள். படியின் பக்கச் சுவரில் அடிக்கணக்குக் கோடு போட்டு, கரைவலை தம்பியின் ஆட்களிடம் தினமும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கதவு திறந்த நாளையும் குறிக்கச் சொல்லுங்கள். வாடைக்காற்று மழை எந்தச் சுவரில் அடிக்கிறது, எங்கே ஈரம் உள்ளே வருகிறது என்பதையும் பாருங்கள். கிழக்குச் சுவராகத்தான் இருக்கும். நில மட்டத்தை மார்கழிக்குப் பிறகு தீர்மானிக்கலாம்.


ஓடாவிமகன் · வெள்ளி, காலை 9:30

பார்க்கிற நேரத்தில் ஒரு வேலை செய்யலாம். சுண்ணாம்பை இப்போதே ஊறப்போடுங்கள். நீற்றாத சுண்ணாம்பு வாங்கி, பெரிய தொட்டியில் முதலில் தண்ணீர் விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு. மாறிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது. நீறின பிறகு மேலே எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். காற்றுப் படாதவரைக்கும் இறுகாது, நாள் போகப் போக வெண்ணெய் மாதிரி வரும். மாசியில் எடுத்தால் பூச்சுக்குத் தோதாக இருக்கும். பனங்கட்டித் தண்ணீர் கலப்பதா வேண்டாமா என்று மேசன்மார் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் கலக்கிற கட்சி.

கல்லு கழன்ற இடத்துக்கு முருகைக்கல் தேடிக் கரையில் கிண்ட வேண்டாம். 1988இல் இருந்து கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பது தடை. வளவுக்குள்ளே இடிந்து கிடக்கிற மதிலில் இருக்கிறதே போதும். முதல் பூச்சு சுவரின் உப்பை இழுத்துக்கொண்டு தானே உதிரும், அதைக் கண்டு பயப்படாதீர்கள், உதிரட்டும் என்றுதான் பூசுகிறது. அடுத்த பூச்சுத்தான் நிற்கிற பூச்சு.


கிட்டங்கிப்பேரன் · வெள்ளி, மதியம் 12:02

எத்தனை மூட்டை எடுக்கலாம்?


ஓடாவிமகன் · வெள்ளி, மதியம் 12:40

சுவரைத் தட்டிப் பார்க்காமல் மூட்டைக் கணக்குச் சொல்கிறவனை நம்பாதீர்கள். வருகிற சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அங்கே ஏணி இருக்கிறதா, நான் கொண்டு வரவா?